ஹாரன் அடிக்காத வளைவு

என் சித்தி ஞானபாய்க்குக் கண்ணைவிடக் காதுதான் கூர்மை. கருங்கல் ஊருக்குப் பக்கத்தில், கால்வாயை ஒட்டிய சானல்கரைச் சாலையில் முப்பது வருடம் தலையில் புல்லுக்கட்டோடு நடந்தவர். புல் முகத்தை மறைத்துத் தொங்கும். என்ன வருகிறது என்று பார்க்கமாட்டார், கேட்பார். முதலில் நாளுக்கு இரண்டு பஸ்தான். பிறகு வளைகுடாப் பணத்தில் வந்த பைக்குகள், பள்ளி வேன்கள், ஜல்லி லாரிகள். எதற்கு எவ்வளவு ஒதுங்கவேண்டும் என்று அவர் கால்களுக்குத் தெரியும்.

சித்தப்பா இறந்தபின் ஒரு பசுவோடு தனியாக இருந்தார். மகன் லிபின் சென்னைக்குக் கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில்: "எனக்க காலு நடக்கது வரைக்கும் நான் இங்கதான் மக்கா."

அடுத்த வீட்டு எட்சனின் டீசல் ஆட்டோ புகைக்குச் சித்தி இருமுவார். பேட்டரி ஆட்டோ வாங்கச் சொல்லி மஸ்கட்டிலிருந்து அவனை நச்சரித்தது நான்தான். வாங்கினான்.

"மாமி, இது பூனை மாதிரி போவும், பாத்துக்கிடுங்கோ."

"ஆமாலே, பூனைக்கு மூணு டயரு" என்று சித்தி சிரித்தாராம்.

போன பிப்ரவரியில் சாலை வளைவில் ஒரு துக்கவீடு. துக்கவீட்டைக் கடக்கும்போது எங்கள் ஊரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. எட்சனும் அடிக்கவில்லை. டீசல் வண்டியில் பத்து வருடம் அப்படித்தான் போயிருக்கிறான். அப்போதெல்லாம் எஞ்சினே அவனுக்காகச் சத்தம் போட்டது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. பந்தலைத் தாண்டித் திரும்பினால், நடுச்சாலையில் புல்லுக்கட்டு. பிரேக் பிடித்தும் இடித்துவிட்டது. சித்தியின் இடுப்பெலும்பு முறிந்தது.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். எட்சன் தினமும் வந்து கட்டிலருகே நின்று அழுதான்.

"அழாதலே. நீ ஹாரன் அடிச்சிருந்தா செத்த வீட்டுக்காரனுவ உன்னைச் சும்மா விட்டிருப்பானுவளா?" என்றார் சித்தி.

இரண்டு மாதம் கழித்து லிபின் லீவில் வந்தான். "அம்மா, மாட்டுத் தொழுத்து வரைக்கும் தனியா நடந்து காட்டுங்க. பெறகு நான் சென்னைக்குக் கூப்பிடமாட்டேன்."

எட்சன் பிடித்திருந்த போனில், வீடியோ காலில் மஸ்கட்டிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி வாக்கரைத் தள்ளி வைத்தார். ஓரடி. இரண்டு. மூன்றாவதில் முட்டு மடங்கியது. எட்சன் போனைப் போட்டுவிட்டு ஓடினான். அதன்பின் எனக்குத் தெரிந்தது ஓட்டுக்கூரை மட்டும்தான்.

"விடுலே, இன்னொரு மட்டம் நடக்கேன்" என்றது சித்தியின் குரல்.

 லிபின் மாட்டுத் தரகரோடு பசுவுக்கு விலை பேசுவது கேட்டது.