கருவாட்டுத் தூள் மேல் போட்ட பழி

நான் பொய் எழுதிக் கையெழுத்திட்டேன். ஓர் ஊர்க் கோழிகள் செத்த பழியை ஒரு விதவையின் தலையில் கட்டினேன். இனி மறைத்து வைக்கத் தெம்பில்லை, சொல்லிவிடுகிறேன்... நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் அரசு அமைத்த கோழிநல ஆலோசனைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன், கால்நடை மருத்துவன். கோழிகளைக் கூட்டமாய்க் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய் பரவிய சமயம் அது. தூத்துக்குடியிலிருந்து ஆலந்தலை என்ற கடற்கரை ஊருக்கு ஐஸ் பெட்டியில் தடுப்பு மருந்து கொண்டுபோனேன். சூடு பட்டால் அது வெறும் தண்ணீர்தான்.

குழுத் தலைவர் வந்து விளக்கேற்றித் தொடங்கி வைக்க வேண்டுமாம்! பெட்டிக்கு மாலை போட்டு வெயிலில் மேசைமேல் வைத்துவிட்டார்கள். அவர் வரும்போது மதியம் தாண்டிவிட்டது. மூடியைத் திறந்தேன்... ஒரு துண்டு ஐஸ்கூட இல்லை.

நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தவில்லை? பயமா? இல்லை, வெறும் சங்கோசம். கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. ஊசி போட்டேன்.

சில வாரங்களில் நோய் வந்து ஊர்க் கோழிகளை வாரிக்கொண்டு போயிற்று. குழு மறுபடி கூடியது.

"ஊசி போட்டும் செத்திருக்கே, மேலிடத்துக்கு என்னன்னு வே எழுத?" என்று தலைவர் எரிந்து விழுந்தார்.

அவ்வூர் விதவை மிக்கேலம்மா நினைவுக்கு வந்தாள். கருவாட்டுக் கழிவை இடித்துத் தூளாக்கி, கோழித் தீனியாக ஊருக்கெல்லாம் விற்றுப் பிழைத்தவள். ‘தீனியில் கேடு’ என்று எழுதினேன். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். டீ வந்தது, குடித்தோம்.

அந்தத் தூளில் ஒரு குற்றமும் இல்லை, ஐயா! ஆனால் எங்கள் அறிக்கை ஊருக்குத் தெரிந்தபின் அதை வாங்க ஆளில்லை. குழாயடியில் பெண்கள் அவளோடு பேசவுமில்லை.

ஒருநாள் காலை என் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நடுங்கினேன். திட்டட்டும் என்றும் ஆசைப்பட்டேன்! அவளோ கும்பிட்டாள்.

"அய்யா, நீங்க அம்புட்டுத் தூரம் வந்து ஊசி போட்டிய. நாந்தான் பாவி, தீனியப் போட்டு எல்லாத்தையும் கொன்னுட்டேன். மன்னிச்சிருங்கய்யா."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா?

"சரிம்மா, பரவாயில்ல. போயிட்டு வாங்க" என்றேன்.

ஆம்... நான்தான் அவளை மன்னித்து அனுப்பினேன்!