சாமி குலுங்கிய தெரு

எங்களிடம் பனியன் வாங்கும் ஜப்பான் கம்பெனிக்காரர்கள், தங்கள் ஊர்க் கோடைத் திருவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். நீலச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டு, சாமிப் பல்லக்கைத் தூக்க வா என்றார்கள். மரத்தண்டு தோளில் அழுந்தியதும் எங்கள் ஊர் வேலம்பாளையம் கண்முன் வந்து நின்றது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. முருகன் பல்லக்கின் முன்தண்டில் அப்பா. வேலையிலிருந்து நேராக வந்ததால் தலையெல்லாம் பஞ்சுத்தூசி. தெருவே சம்பங்கியும் கற்பூரமுமாக மணத்தது. பெண்கள் தோள் கொடுக்கிற வழக்கமில்லை. ஆனாலும் நான் கூட்டத்தில் நுழைந்து தண்டுக்கடியில் நின்றேன். எட்டவில்லை. எம்பிக் குதித்தேன். பின்னால் வந்தவர் என்மேல் இடறியதில் பல்லக்கு ஆடி, முருகனின் மாலை சரிந்தது.

"ஏங்கண்ணு, சாமிய ஆட்டலாமா? அலுங்காமப் போகோணும்!" அப்பா போட்ட சத்தத்தில் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

இங்கேயோ தூக்கியவர்களில் பாதிப்பேர் பெண்கள். குலுக்கினால்தான் சாமிக்குச் சந்தோஷமாம். "வாஷ்ஷோய்! வாஷ்ஷோய்!" என்று கத்திக்கொண்டு பல்லக்கைத் தூக்கித் தூக்கிக் குலுக்கினார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. அவர்கள் மேலே தள்ளத் தள்ள, நான் தண்டைக் கீழே அழுத்திப் பிடித்தேன்.

இளைப்பாற இறக்கி வைத்தபோது, எங்கள் கம்பெனியிலிருந்து உடன் வந்தவர் எடுத்த வீடியோவை அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. திட்டு விழப்போகிறது என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"அத்தன பேரும் சாமிய ஆட வெக்கறாங்க, நீ மட்டும் ஏங்கண்ணு புடிச்சு அமுக்கறே? உடு, ஆடட்டும்!"

தண்டு மறுபடி தோளேறியது. எல்லோரும் "வாஷ்ஷோய்" என்றார்கள். நான் எம்பிக் குதித்துக் கத்தினேன்:

"அரோகரா!"