முடசல் ஓடையில் கம்பைத் தாண்டிய பயணம்

2010 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. காலை ஆறேகாலுக்குத் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் நாங்கள் ஆறு பேர் கூடினோம். எல்லோரும் பதினொன்றாம் வகுப்பு மாணவிகள். கூட வந்தவர் எங்கள் விளையாட்டு ஆசிரியை எலிசபெத் மிஸ். கிள்ளைப் பக்கத்துக் கழிமுகத்தில் பாய்ப்படகில் போய், மணல்திட்டில் இறங்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் பார்த்துவிட்டு, மாலைக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது திட்டம். கண்ணாடி நஸ்ரினுடையது. அவள் லால்பேட்டைக்காரி, விடுதியில் தங்கிப் படித்தாள். துபாயில் வேலை பார்த்த அவளுடைய அத்தா வாங்கி வந்த கண்ணாடி அது. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும், வாயில் கடித்துக்கொள்ள வளைந்த மூச்சுக்குழாய் ஒன்றும் இருந்தது.

இந்தப் பயணத்துக்கு மிஸ் துணிந்ததற்கு நானும் ஒரு காரணம். முதுநகரை ஒட்டிய மீனவர் குப்பம் என்னுடையது. பள்ளியில் சேர்ந்த புதிதில் ஊரை மறைத்துப் பார்த்தேன். மறைக்க முடியாமல் போனதும் அதையே பெருமையாக்கிக்கொண்டேன். அப்பாவோடு படகில் போவேன், நடுக்கடலில் குதித்து நீந்துவேன் என்றெல்லாம் அளந்து வைத்திருந்தேன். உண்மையில் எங்கள் குப்பத்தில் பெண்பிள்ளைகளைப் படகில் ஏற்றுவதில்லை. சுனாமிக்குப் பிறகு அம்மா என்னை ஈர மணலில்கூட நிற்க விட்டதில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. "வேணி வர்றா மேடம், எனக்கு ஒரு கை ஜாஸ்தி," என்று தலைமையாசிரியையிடம் மிஸ் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஆறரைக்குப் பேருந்து கிளம்பியது. சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய். சிப்காட் ரசாயன ஆலைகள் வந்ததும் எல்லோரும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று மாறியது. எட்டு மணிக்குச் சிதம்பரம். நிலையத்துக்கு எதிரே இட்லி சாப்பிட்டுவிட்டு கிள்ளை போகும் டவுன் பஸ்ஸைப் பிடித்தோம். வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல், வாத்துக்கூட்டம். ஒன்பதரைக்கு முடசல் ஓடை மீன்பிடித் துறையில் இறங்கினோம்.

படகுக்காரர் கலியமூர்த்தி, ஐம்பது வயதிருக்கும். மிஸ்ஸுக்கு ஏற்கெனவே பழக்கமானவர். எங்களுக்காகத் தன் நாட்டுப் படகில் பழைய பாயைக் கட்டி வைத்திருந்தார். நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"அங்க பொட்டப் புள்ளைங்கள போட்ல ஏத்த மாட்டாங்களேம்மா."

"எங்க அப்பா ஏத்துவாரு."

அவர் நங்கூரத்தைத் தூக்கப் போனார்.

வாடைக்காற்று நிதானமாக அடித்தது. அவர் கயிற்றை இழுத்ததும் பாய் ஒருமுறை படபடத்து விம்மிக்கொண்டது. இன்ஜின் சத்தமில்லாமல் படகு போகும் என்பதை நாங்கள் அன்றுதான் அறிந்தோம். இருபுறமும் சுரபுன்னைக் காடு. சேற்றுக்குள் கால்கள்போல் வேர்கள் இறங்கியிருந்தன. நாரைகள் எழுந்து பறந்து முன்னால் போய் உட்கார்ந்தன. கீர்த்தனா என் தோளில் சாய்ந்து, "நீ தெனமும் இப்டித்தான் போவியா?" என்று கேட்டாள். மஞ்சக்குப்பத்துப் பெண், வகுப்பில் என் பெஞ்சில் உட்காருபவள். நான் "ம்" என்றேன்.

பதினோரு மணிக்கு மணல்திட்டை அடைந்தோம். ஒரு பக்கம் கழி, இன்னொரு பக்கம் கடல். நீர்மட்டம் உயரும் ஏற்ற வேளை அது; உள்ளே வந்த கடல்நீர் தெளிவாக இருந்தது. கலியமூர்த்தி இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் ஒரு கம்பை ஊன்றினார்.

"இதுக்கு இந்தாண்டயே இருங்க. தண்ணி வத்த ஆரம்பிச்சா வாய்க்கா பக்கம் இழுக்கும். யாரும் சட்டைய கழட்டாதீங்க," என்றார். சட்டை என்றது நாங்கள் மாட்டியிருந்த லைஃப் ஜாக்கெட்டை.

முறை வைத்துக் கண்ணாடி மாட்டினோம். என் முறையில் முழங்காலளவு தண்ணீரில் குனிந்து முகத்தை மட்டும் நனைத்தேன். அதற்கே வியப்பு தாங்கவில்லை. மேலிருந்து பார்த்தால் வெறும் நிழலாகத் தெரிந்த இடத்தில் திட்டோரச் சுரபுன்னை வேரெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. விரல்நீள மடவை மீன்கள் கூட்டமாக ஒரே பக்கம் திரும்பின.

பன்னிரண்டேகால் இருக்கும். சாப்பாட்டுப் பொட்டலங்களை எடுக்க மிஸ்ஸும் கலியமூர்த்தியும் திட்டின் மறுபக்கம் நின்ற படகுக்குப் போனார்கள். "வேணி, நீ பாத்துக்க," என்றார் மிஸ். அப்போது கண்ணாடி கீர்த்தனாவிடம் இருந்தது. ஜாக்கெட் மேலே தூக்குவதால் முகம் அமிழவில்லை என்று அலுத்துக்கொண்டாள்.

"கழட்டிடவா வேணி? கம்புக்கு அந்தாண்ட வேர் நெறய தெரியுது. ஆழமா இருக்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்ல ஒரு விநாடி போதும். நான் கண்ணைச் சுருக்கித் தண்ணீரைப் பார்த்தேன், எங்கள் ஊர் ஆண்கள் பார்ப்பதுபோல.

"கழட்டிக்க. கலரப் பாத்தாலே தெரியுது, ஆழம் இல்ல."

அவள் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, முகத்தைக் கவிழ்த்து மிதந்து போனாள். கம்பைத் தாண்டினாள். தாண்டிய பிறகு அவள் போவது தன் விருப்பத்தில் இல்லை என்று எனக்குப் புரிந்தது. மூச்சுக்குழாய் சாய்ந்தது. கை ஒன்று மேலே வந்து அடித்தது. நான் கம்புவரை போய் அதைப் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் கத்தினார்கள். நஸ்ரின் என்னைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தாள். வீராணம் வாய்க்காலில் அத்தா கற்றுக்கொடுத்த நீச்சல். ஜாக்கெட்டோடே நீந்திப்போய், கீர்த்தனாவின் சடையைப் பிடித்துச் சாய்வாக இழுத்து வந்தாள். தரை தட்டும் இடத்தில்தான் நான் ஓடிப்போய் இன்னொரு கையைப் பிடித்தேன்.

சத்தம் கேட்டு மிஸ் ஓடி வந்தபோது கீர்த்தனா என் மடியில் படுத்து இருமிக்கொண்டிருந்தாள். நஸ்ரின் நாலடி தள்ளி மண்டியிட்டு வாந்தி எடுத்தாள். மற்ற மூன்று பேரும் அழுதார்கள். மிஸ் என்னைக் கட்டிப்பிடித்து, "கடக்கரைப் பொண்ணு, காப்பாத்திட்ட," என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

திரும்பும்போது பாய் கட்டவில்லை. கலியமூர்த்தி துடுப்பாலேயே தள்ளினார். சிதம்பரத்தில் நாலரைப் பேருந்தில் நஸ்ரின் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவள் முன்கையில் நகக்கீறல்கள் சிவந்திருந்தன. புதுச்சத்திரம் வந்ததும், "ஏன்டி மிஸ்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்," என்றாள் நஸ்ரின். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதுநகரில் இறங்கி வீட்டுக்குப் போவதற்குள் மிஸ் பக்கத்துவீட்டு செல்போனுக்குப் பேசியிருந்தார். அம்மா வாசலில் நின்றாள். கையில் மீன்கூடை.

"யாரயோ தூக்குனியாமே. ஒனக்கு எங்கடி நீச்ச தெரியும்?"

நடந்ததைச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, "அது யாரு பெத்த புள்ளயோ," என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை வணக்கத்தில் மிஸ் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். கைதட்டல் அடங்கியதும் மைக் அருகே போய், "கீர்த்தனாவக் காப்பாத்துனது நஸ்ரின். எனக்கு நீச்சல் தெரியாது. பொய் சொல்லிட்டேன்," என்றேன். மிஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. நஸ்ரினை மேடைக்கு வரச் சொன்னார்.

வகுப்புக்குப் போனபோது கீர்த்தனா பையை எடுத்துப் பின்பெஞ்சில் வைத்திருந்தாள். நான் எதிரில் போய் நின்றேன்.

"என்னை இழுத்தது யாருன்னு எனக்கு அப்பவே தெரியும். அத நீ சொல்லிட்ட, சரி," என்றாள். "கழட்டிக்க, ஆழம் இல்லன்னு சொன்னியே. அத ஏன் மைக்ல சொல்லல?"

பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை.

முடசல் ஓடைக்குப் போகிறவர்கள் ஏற்றம் இருக்கும் காலை வேளையில் போங்கள். தெளிந்த தண்ணீரில் மடவைக் கூட்டத்தைப் பார்க்கலாம். கூட வருகிறவர் எந்த ஊராக இருந்தாலும், ஆழத்தைப் படகுக்காரரிடம் மட்டும் கேளுங்கள். எங்கள் வீட்டிலிருந்து கடல் இருநூறு அடி தூரம்தான். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து ஆழம் சொல்ல எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.