ஐஸில் மண்டியிட்டவர்கள்

போன வருடம் செப்டம்பர் மாதம், துபாயில் நடந்தது இது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, நான் ஸ்வெட்டரும் சால்வையுமாக ஐஸ் ஹாக்கி அரங்கில் உட்கார்ந்திருந்தேன். திருச்சியில் பிறந்தவளுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள். பரதநாட்டியத்தில் சேர்த்துவிட்ட என் மகள், சலங்கையைக் கழற்றிவிட்டு ஸ்கேட்ஸ் மாட்டிக்கொண்டாள். அன்று கிளப்பின் ஜூனியர் அணியில் அவளுக்கு முதல் மேட்ச். கணவருக்கு டியூட்டி, வர முடியவில்லை.

அரங்க வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த கிளப்பின் முதல் அணியுடைய போட்டோ இருக்கும். பாலைவனத்தில் ஐஸ் ஹாக்கியா என்று எல்லோரும் சிரித்தபோது விளையாட ஆரம்பித்த எமிராத்தி இளைஞர்கள், அதாவது அந்த மண்ணின் அரபுப் பையன்கள். இன்று சம்பளம் வாங்கி ஆடும் பெரிய அணிக்கு விதை போட்டவர்கள் அவர்கள்தான். மகள் அந்தக் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போவாள். பிள்ளையாரைக்கூட அவள் அவ்வளவு பக்தியாகக் கும்பிட்டதில்லை.

ஆட்டம் பாதி தாண்டியிருக்கும். ரப்பர் வட்டைத் துரத்திக்கொண்டு போனவள், ஓரத் தடுப்பில் டமாரென்று மோதிக் குப்புற விழுந்தாள். விசில் ஊதினார்கள். அவள் எழவில்லை. கை கால் அசையவில்லை.

நம் ஊரில் யாராவது விழுந்தால் நாலு பேர் ஓடிவந்து தூக்குவார்கள், ஒருவர் தண்ணீர் தெளிப்பார், இன்னொருவர் சோடாவுக்கு ஓடுவார். இங்கே ஒரு பிள்ளை நகரவில்லை. இரண்டு அணிப் பிள்ளைகளும் நின்ற இடத்திலேயே ஒரு காலை மடக்கி மண்டியிட்டார்கள். அரங்கமே அமைதியாகிவிட்டது. எல்லாம் முடிந்துவிட்டது, அதனால்தான் பிரார்த்தனை செய்கிறார்கள் என்றே நினைத்தேன்.

"யாராச்சும் போய்த் தூக்குங்களேன்! எம் பொண்ணுங்க அது!" என்று தமிழில் அலறிக்கொண்டே படியிறங்கி ஓடினேன். ஐஸுக்குள் போகும் கதவில் கை வைத்தும்விட்டேன். பின்னாலிருந்து யாரோ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்கள். எப்போதும் முன்வரிசையில் காபி பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கும் ஓர் எமிராத்தி அம்மா.

"மாஃபி, மாஃபி!" என்றார். போகக் கூடாதாம். உதறிப் பார்த்தேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் விடவில்லை. முதலுதவி செய்பவர் மட்டும் உள்ளே போய், மகளின் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா அரைகுறை இந்தியில் சொன்னது இதுதான். வாசலில் இருக்கும் போட்டோவில் அவருடைய மகனும் இருக்கிறாராம். அந்தக் காலத்தில் அந்த மகன் ஒருமுறை விழுந்தபோது, கூட ஆடியவர்கள் பதறிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவருடைய ஸ்கேட்ஸ் கத்தி அவர் கைமேல் ஏறிவிட்டது. அதன்பிறகு அவர் ஆடவே இல்லை. யாராவது விழுந்தால் மற்றவர்கள் அசையாமல் மண்டியிட வேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து இங்கே ஆடும் பிள்ளைகளுக்கு முதல் பாடம். "பாரு, எல்லாரும் உன் பொண்ணு எழுந்திரிக்கத்தான் காத்திருக்காங்க" என்றார்.

பார்த்தேன். அத்தனை பிள்ளைகளின் கண்ணும் அவள்மேல்தான் இருந்தது.

முதலில் ஒரு கையுறை அசைந்தது. பிறகு முழங்கால். மெல்ல எழுந்து உட்கார்ந்து, அப்புறம் முதலுதவிக்காரரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மண்டியிட்டிருந்த பிள்ளைகள் ஹாக்கி மட்டைகளால் ஐஸைப் படபடவென்று தட்டினார்கள். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு அழுகை பீறிட்டு வந்தது.

மோதியதில் மூச்சடைத்துப் போயிருந்தது, தோளில் வீக்கம், அவ்வளவுதான். "அம்மா, யூ வேர் சோ லவுட்! எல்லாருக்கும் கேட்டுச்சு" என்று வந்ததும் வராததுமாகக் கோபித்துக்கொண்டாள். அந்த அம்மா சிரித்தபடி எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். என் மணிக்கட்டில் அவருடைய விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

சென்ற மாதம் எதிரணிக் குழந்தை ஒன்று விழுந்தது. என் மகள் மண்டியிட்டாள். புதிதாக வந்திருந்த ஒரு தாய் அலறியபடி கதவை நோக்கி ஓடினார். எழுந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரியாத மொழியில் என்னைத் திட்டித் தீர்த்தார், நான் விடவில்லை. பிள்ளைமேல் பாசம் என்றால் ஓடத்தான் எனக்குத் தெரியும். அதே பாசத்தோடு அசையாமல் நிற்கவும் வேண்டியிருக்கும் என்பதை, என்னைப் பிடித்து நிறுத்திய அந்தக் கைதான் சொல்லிக்கொடுத்தது.