நீட்டி நின்ற நெருப்புக்குச்சி

மூடிய நெருப்புப்பெட்டியிலிருந்து ஒற்றைக் குச்சி பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றால், எனக்கு இன்றைக்கும் பிடரி குளிரும்.

ஜேர்மனியின் பவேரிய மலையில் ஒரு விடுதிச் சமையலறையில் நான் கோப்பை கழுவிய காலம். சமையல்காரர் யாழ்ப்பாணத்தார், என்னைவிட நான்கு வயது மூப்பு, அதனால் அண்ணை. விடுதிக்கு மேலே இரண்டு மணிநேர ஏற்றத்தில் ஒரு மரக்குடில் இருந்தது. பூட்டே கிடையாது. பனியில் வழி தவறும் மலையேறிகளும் சறுக்கு விளையாட்டுக்காரரும் உயிர் தப்ப ஒதுங்குகிற இடம். பனிக்காலத்துக்கு முன் அங்கே விறகும் கம்பளியும் கொண்டுபோய் வைப்பது எங்கள் இருவரின் வேலை.

அந்தக் குடிலுக்கு இரண்டு வழக்கம். புறப்படுகிறவர் அடுத்தவருக்காக அடுப்பில் விறகு அடுக்கி, ஒரு குச்சியைப் பாதி இழுத்து வைத்துவிட்டுப் போகவேண்டும். பிறகு, அங்கிருக்கும் கொப்பியில் பெயரையும் போகும் திசையையும் எழுதவேண்டும். முதலாவதை அண்ணை பூசை மாதிரிச் செய்வார். "விறைச்ச கையாலை பெட்டி திறக்க ஏலாது, தம்பி" என்பார். இரண்டாவதைச் செய்யவே மாட்டார். நாலு எல்லைகளைக் களவாகத் தாண்டி வந்த மனிதர். "பேரை எழுதினால் பின்னாலை ஆள் வரும்" என்பது அவர் கதை. நானும் எழுதுவதில்லை. அதே பயம்தான்.

இன்னொன்றும் செய்வார். குடிலின் கதவைத் தட்டி, "ஆரும் இருக்கிறியளோ?" என்று கேட்டுக் கொஞ்சம் பொறுத்துத்தான் உள்ளே போவார். வெறுங் குடிலுக்கு என்ன மரியாதை என்று ஒருமுறை பகிடி பண்ணினேன்.

"வெறுங் குடில் எண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்றார். அவர் முகத்தில் பகிடி இல்லை.

ஓர் ஒக்டோபரில் நான் காய்ச்சலில் கிடக்க, அண்ணை தனியே போனார். மதியம் கண் தெரியாதபடி மலையை மூடிப் புகார் இறங்கியது, பின்னாலேயே பனி. அவர் திரும்பவில்லை. மறுநாள் மீட்புக்காரரோடு நானும் ஏறினேன். குடிலில் அடுப்பு இளஞ்சூடாக இருந்தது. விறகு அடுக்கியிருந்தது. குச்சி நீட்டி நின்றது. ஆளில்லை. அங்கிருந்து மூன்று வழிகள் பிரிகின்றன. புதுப்பனி காலடிகளை மூடியிருந்தது. மீட்புக்காரர் கொப்பியைத் திறந்து வெள்ளைப் பக்கத்தை என்னிடம் காட்டினார். எங்கே போயிருப்பார் என்று கேட்டார். விடுதிப் பக்கம்தான் என்றேன்.

மூன்றாம் நாள்தான் கண்டார்கள். விடுதிச் சரிவில் பனி சரியுமென்று பயந்து, சுற்றுவழியாக மறுபக்கக் கிராமத்துக்கு இறங்கியிருக்கிறார். கால் முறிந்து, ஒரு பாறையடியில் விறைத்துச் செத்துக் கிடந்தார். பின்னால் ஆள் வரவேண்டுமே என்று எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ. முதலே அந்தப் பக்கம் தேடிப் போயிருந்தால் என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

இப்போது நான் எசன் நகரில் பஸ் ஓட்டுகிறேன். வருடத்துக்கு ஒருமுறை லீவு எடுத்துக்கொண்டு குடிலுக்குப் போவேன். இந்த முறையும் கதவைத் தட்டினேன். "ஆரும் இருக்கிறியளோ?" என்று கேட்டுப் பொறுத்துத் திறந்தேன். அடுப்பில் கை வைத்தேன். இளஞ்சூடு. விறகு அடுக்கியிருந்தது, குச்சி நீட்டி நின்றது. கொப்பியில் கடைசிப் பெயரோ மூன்று வாரப் பழசு. பெயர் எழுதப் பயந்த இன்னொரு மனிதராக இருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வாசலைப் பார்த்தேன். முதல்நாள் பெய்த பனியில் என் காலடி மட்டும்தான் கிடந்தது.

கொப்பியில் என் பெயரை எழுதினேன். கீழே அண்ணையின் பெயரை எழுதினேன். அவருக்கு நேரே, போகும் திசைக்கான கட்டத்தில், பேனை நின்றுவிட்டது. கை விறைக்க விறைக்க அங்கேயே இருந்தேன். அந்தக் குச்சியை மட்டும் தொடவில்லை.