முனிக்கு நேர்ந்த ஒரு வீசை

என் அக்கா கண்மாய்க்கரை முனிக்குக் கஞ்சா நேர்ந்துகொண்டாள். அதில் எங்கள் ஊரில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. முனிக்குச் சுருட்டு ஆகும், சாராயம் ஆகும், கஞ்சாவும் ஆகும். ஆச்சரியப்பட வைத்தது அளவுதான். அவள் நேர்ந்திருந்தது ஒரு வீசை.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. நான் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். அக்காவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பிரசவத்தில், வலியின் நடுவே, பிள்ளை உயிரோடு வரட்டும், ஒரு வீசை வைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பிள்ளையும் வந்தான், ஊரைக் கூட்டுகிற தொண்டையோடு. அவன் தவழ ஆரம்பித்த நேரத்தில் காய்ச்சல் வந்து, விட்டு விட்டு அடித்தது. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அறந்தாங்கி டாக்டர் கொடுத்த மிக்ஸர் மருந்தை வேளை தவறாமல் கொடுத்தாள். ஆனால் காய்ச்சலுக்குக் காரணம் அவளுக்கு டாக்டரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. நேர்ந்ததை இன்னும் செலுத்தவில்லை.

இதைக் கேட்டு அப்பா கோபத்தில் குதித்தார். அப்பா கதர்க்காரர். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து, மன்னர் காலத்துச் சாராயக் கடையும் கஞ்சாக் கடையும் மூடப்பட்டபோது, வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னவர். முனி மேலேயே அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. குடிக்கிற சாமி என்பார்.

"வீசையா? ஏத்தா, வீசைன்னா எம்புட்டுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னப்பா? புளி வீசைக் கணக்குலதான வாங்குறோம். சாமிக்குப் போயி பலக் கணக்குலயா நேருவாக?"

கணக்குப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை. பள்ளியில் பிள்ளைகளைக் கத்தவைக்கிற அதே வாய்ப்பாடுதான். ஆக நூற்றிருபது தோலா, இன்றைய கணக்கில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கடை இருந்த காலத்தில் பழகின ஆளே கால் தோலா, அரைத் தோலா என்றுதான் வாங்குவானாம். அதுவே அவனுக்கு நாலைந்து நாளைக்குக் காணுமாம். புகைக்கிற சிலும்பி ஒன்றுக்கு ஒரு சிட்டிகை போதும். ஒரு வீசை என்றால் முனி அடுத்த திருவிழா வரைக்கும் எழுந்திருக்கமாட்டார். அதோடு ஒரு தோலா அகப்பட்டால் போலீஸ் அதட்டும், ஒரு வீசை அகப்பட்டால் விற்கிறவன் என்றுதான் எழுதும். முனிக்காக வைத்திருக்கிறோம் என்றால் முனியையும் சாட்சிக்குக் கூட்டிவரச் சொல்லும்.

அக்காவின் வீட்டுக்காரர் வம்பை வளர்க்க விரும்பாதவர். ஆரம்பமாகக் கொஞ்சமாவது வைப்போம் என்று, அறந்தாங்கிச் சந்தையில் யாரிடமோ விசாரித்து ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். அதை நடு வீட்டில் பிரித்து வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். நல்லதா கெட்டதா என்று சொல்ல ஆள் இல்லை. சொல்லத் தெரிந்தவன் எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டி வருமே! மச்சான் உத்தரத்தைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன்.

மூலையில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்த அப்பாவின் மூக்கு முதலில் நிமிர்ந்தது.

"இங்கிட்டுக் கொண்டா."

ஒரு சிட்டிகை எடுத்துக் கசக்கினார். முகர்ந்தார். உதறினார்.

"ஏமாத்திப்புட்டான் மாப்ள. இது பூவே இல்ல, அடி எலை. பாதி வெதை, மிச்சம் காம்பு. பூன்னா கொத்தாப் பச்சையா இருக்கணும். கசக்குனா வெரல்ல பிசுபிசுன்னு ஒட்டணும். அதுதான் மொதத் தரம். எலையும் பூவும் கலந்தா ரெண்டாந் தரம். இது அதுக்கும் கீழ, தூளு. போன வருசத்துச் சரக்கு வேற, பழுத்து மணமே செத்துப்போச்சு. இதையெல்லாம் முனி ஏறெடுத்தும் பாக்காது."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அம்மாதான் வாயைத் திறந்தாள்.

"இதெல்லாம் எப்பப் படிச்சீக?"

"மறியல் பண்ணுனப்ப. கடை வாசல்லயே நாள் பூரா உக்காந்திருந்தோம்ல?"

வாசலில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியும், சரி. விரலுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

பூசாரியிடம் யோசனை கேட்டோம். எங்கள் பக்கத்தில் சாமியிடம் சந்தேகம் கேட்கப் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்துப் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். "வெள்ளை வந்தா ஒரு தோலாவே போதும்னு அர்த்தம். முனி நம்மாளுதான், எறங்கி வரும்" என்றார் பூசாரி. எல்லோருக்கும் நிம்மதி. அக்கா மட்டும் மாட்டேன் என்றாள்.

"முழுப் பிள்ளையாக் குடுன்னு கேட்டேன். குடுத்துச்சுல்ல? அதுல எதுவும் கொறைச்சுக் குடுத்துச்சா? இப்பப் போயி நான் எந்த வாயால பேரம் பேசுவேன்?"

அவள் சாப்பிடும்போதுகூடப் பிள்ளையைக் கீழே விடுவதில்லை. தோளில் போட்டுக்கொண்டே இடது கையால் அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். அதுவரை இந்த வீசைக் கதையை வைத்து அவளைக் கேலி செய்துகொண்டிருந்த எனக்கு அன்றைக்கு மனசு கனத்துப் போயிற்று. அவளுடைய பயத்தைக் காய்ச்சலைவிடப் பெரிய நோயாக நான் அப்போதுதான் பார்த்தேன்.

மறுநாள் அப்பா யாரிடமும் சொல்லாமல் புதுக்கோட்டை டவுனுக்குப் பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி, கதர் பையிலிருந்து நூல் சிட்டங்களை எடுத்து வைத்தார். ஒரு சிட்டத்துக்குள் பொட்டலம் இருந்தது. திருக்கோகர்ணத்தில் தெரிந்த வைத்தியர் ஒருவர் மருந்துக்கு வைத்திருந்ததாம். பஸ்ஸில் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து, ஐயா மாதிரி ஆட்களால்தான் மதுவிலக்கு நிற்கிறது என்று வழி நெடுகப் பாராட்டிக்கொண்டு வந்தாராம். அதைச் சொல்லும்போதும் அப்பாவுக்கு வியர்த்தது.

அக்கா பொட்டலத்தைப் பார்த்தாள். கொத்துக் கொத்தாகப் பச்சைப் பூ. ஆனால் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

"நேர்ந்தது ஒரு வீசைப்பா."

"தெரியும்த்தா. பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு."

பூசாரி பூவைச் சிலும்பியில் அடைத்து முனியின் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். முனி கோயில் பக்கம் வந்தால் செருப்போடு கரையிலேயே நின்றுவிடுகிறவர் அப்பா. அன்றைக்குச் செருப்பைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போய், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற தொனியில் பேசினார்.

"இந்தா பாரு. அவ நேர்ந்தது ஒரு வீசை. அவ கொறைக்கல. கொறைச்சது நான். ஒனக்குக் கோவம்னா என்மேல வையி. என்னைய என்ன வேணாலும் பண்ணிக்க. அந்தப் பிள்ளை பக்கம் போகாத."

அக்கா அழுதாள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் தூளியில் போட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு, இடது கை மடியில் சும்மா கிடக்க, சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். காய்ச்சல் அந்த வாரமே விட்டது. மிக்ஸரால்தான் என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார்.

அதற்குப் பிறகு அப்பா பல வருடம் இருந்தார். முனியைப் பற்றிக் கேட்டால் பழையபடி குடிக்கிற சாமி என்று சிரிப்பார். ஆனால் அக்கா வந்திருக்கும்போது அவருக்கு இருமல் வந்தால், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவார். கடைசியில் நெஞ்சுவலி வந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டியபோதும், என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"அவகிட்டச் சொல்லிப்புடாத. முனின்னு நெனைச்சுக்குவா."