ஜெர்சியில் இருந்தது என் கணவரின் பெயர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆக்லாந்தில் குளிர் விட்டு வெயில் எட்டிப்பார்த்த ஒரு நவம்பர் மாதம். லின்ஃபீல்டில் இருக்கும் எங்கள் வீட்டு வரவேற்பு ஹோலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது இது. ஆனால் அந்த வருடத் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் ஒரே மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, ஜப்பானில் ஒரு சிறிய ஊரின் உதைபந்தாட்ட அணி அவனைக் கோல்கீப்பராக எடுத்தது. மூன்றாம் பிரிவு அணி. பந்து விளையாடியே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அங்கே அதுதான் கடைசிப் படி. அதற்கும் கீழே இறங்கினால் பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் விளையாட வேண்டியதுதான். மகன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறினான். நான் சரி என்றேன். இந்த வயதில் போகாமல் எந்த வயதில் போவது?

என் கணவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தார். கோயிலிலும், சான்ட்ரிங்ஹாம் கடைகளிலும், பென்ரோஸில் அவர் வேலை செய்யும் கிடங்கிலும் யார் கேட்டாலும் மகன் ஜப்பானில் மாஸ்டர்ஸ் செய்கிறான் என்று சொல்லிவைத்தார். முதல் பட்டமே முடிக்காதவனுக்கு மாஸ்டர்ஸ். என்னிடம் கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன் என்று அவருக்கு முகத்துக்கு நேரே சொன்னேன். மனிதர் அதற்கும் வழி வைத்திருந்தார். யாராவது மகனைப் பற்றி வாயெடுத்தால் போதும், நான் வாய் திறக்குமுன் அவரே பதில் சொல்லிவிடுவார்.

சீசன் தொடங்கியது. மகன் மாற்று ஆளாகப் பெஞ்சில் இருந்தான். வார இறுதிகளில் முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து தொலைக்காட்சி முன்னால் உட்காருவேன். பக்கத்து வீட்டு மலேசியப் பெண் ஒருத்திதான் எனக்குத் துணை. அவள் சின்ன வயதிலிருந்தே பந்துப் பைத்தியம். ஓஃப்சைடு என்றால் என்ன என்று எனக்கு விளங்கப்படுத்தியவள் அவள்தான். ஒன்றரை மணி நேரத்தில் கமரா பெஞ்சை ஒரு தடவை காட்டும். பிள்ளை அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விடுவான்.

அணி தோற்றது. மறுபடியும் தோற்றது. அட்டவணையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. எனக்கு அதிசயமாக இருந்தது வேறொன்று. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் விளையாட்டுக்காரர்கள் வரிசையாகப் போய்த் தங்கள் ஆதரவாளர்கள் இருக்கும் பக்கம் நின்று குனிந்து வணங்குவார்கள். தோற்றாலும் அப்படித்தான். அந்தச் சனமோ மேளத்தை அடித்துப் பாடிக்கொண்டே இருக்கும். இதுகளுக்கு விசரோ, பைத்தியமோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆகஸ்டில் முதல் கோல்கீப்பருக்குக் கை முறிந்தது. என் மகன் இறங்கினான். மூன்று ஆட்டம் நன்றாகத்தான் விளையாடினான். நான்காவதில், சொந்த அணிக்காரனே மெதுவாகப் பின்னால் தட்டிவிட்ட பந்தை நிறுத்தப் போனான். அது காலுக்கு அடியால் நழுவி, உருண்டு உருண்டு கோலுக்குள் போய் உட்கார்ந்தது. பச்சைக் குழந்தை கூடப் பிடித்திருக்கும்.

யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி, கோமாளி இசை போட்டு, இணையத்தில் விட்டுவிட்டார்கள். அது ஆக்லாந்துத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரே காரணம், ஜெர்சியின் முதுகில் இருந்த தமிழ்ப் பெயர். யாழ்ப்பாணத்துச் சனத்துக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஏது? தகப்பன் பெயர்தான் பிள்ளைக்குப் பின்பெயர். ஆகவே மகனின் முதுகில் கொட்டை எழுத்தில் இருந்தது என் கணவரின் பெயர். அதை வைத்துத்தான் ஆளைப் பிடித்தார்கள். கணவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த நண்பர் ஒருவர் கீழே எழுதினார்: "யப்பானில மாஸ்டர்ஸ் நல்லாத்தான் போகுது." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அதற்குப் பிறகு கணவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். சீசன் முடிய இன்னும் ஆட்டங்கள் இருந்தன. அவரோ மகனைத் தொலைபேசியில் அழைத்து, இனிப் போதும், விளையாடினது காணும், வந்து படிப்பை முடி என்று சொல்லிவிட்டார். பொய் சொன்னவர் அவர். வெட்கம் தின்றது பிள்ளையை. அடுத்த நாள் மகன் என்னை அழைத்தான். ஆங்கிலமும் தமிழுமாக, அப்பா சொல்வது சரிபோல இருக்கிறது, பயிற்சியாளரிடம் கதைத்துவிட்டு வரட்டுமா என்றான். எனக்கு வந்த கோபம் யாரில் என்று எனக்கே தெரியவில்லை.

"சிரிக்கிறவைக்குப் பயந்து வாறதெண்டால் வராத. பந்து வெறுத்துப் போச்செண்டால் மட்டும் வா" என்றேன்.

வெறுக்கவில்லை என்றான். அப்படியானால் நில் என்று சொல்லி வைத்தேன். பயிற்சியாளரும் அவனை வெளியே எடுக்கவில்லை. அவன் நின்றான். அணி மட்டும் அடியை விட்டு எழும்பவில்லை. கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் தப்பலாம், தோற்றால் கீழே போகவேண்டியதுதான் என்ற நிலை வந்தது.

அந்த வாரம் நான் அதே வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். "ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டில் இடியப்பமும் நண்டுக்கறியும். வீடியோவில் நீங்கள் பார்த்த அதே கோல்கீப்பரின் ஆட்டம். துண்டு பார்த்தவர்கள் முழுவதையும் பார்க்க வாருங்கள்."

கணவர் அதை வாசித்துவிட்டு, "உனக்கென்ன விசரோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு எங்கள் சனம் வராமல் இருக்குமா? ஹோல் நிறைந்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். அந்த நண்பரும் மனைவியோடு வந்தார். கணவர் எல்லோரையும் வாங்கோ என்று வரவேற்றுவிட்டு, கராஜில் வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார்.

ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஒருவரையும் தட்டோடு எழும்பிப் போக நான் விடவில்லை. எல்லோரையும் தொலைக்காட்சி முன்னாலேயே உட்காரவைத்தேன். முதல் பாதியில் மகன் பாய்ந்து ஒரு பந்தை விரல் நுனியால் தட்டிவிட்டான். பிறகு ஒருவன் தனியே ஓடிவர, முன்னே பாய்ந்து நெஞ்சில் வாங்கிக்கொண்டான். நண்பர் பக்கத்து வீட்டுக்காரியிடம், அந்த வீடியோவில் மட்டும் ஏன் அப்படி விட்டான் என்று கேட்டார். அவள் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மத்தவங்க தப்பு பண்ணா பின்னால கீப்பர் இருக்கான். கீப்பருக்குப் பின்னால யார் இருக்கா, அங்கிள்?" என்றாள். அவர் அதற்குப் பிறகு நண்டைத் தொடவில்லை. கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

இரண்டாம் பாதி முழுக்கவும் கோல் விழாமல் தாங்கிப் பிடித்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணியின் மூலை உதை ஒன்றை ஒரு நெட்டையன் தலையால் அடித்தான். கோல். மகனில் பிழையில்லை. ஆனாலும் கோல் கோல்தான். விசில் ஊதினார்கள். கீழே போய்விட்டார்கள். அழக்கூடாது, இவர்கள் முன்னால் மட்டும் அழவே கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

வழக்கம்போல வரிசையாகப் போய்க் குனிந்தார்கள். இன்றைக்காவது அந்தச் சனம் ஏசும் என்று நினைத்தேன். மேளம் தொடங்கியது. அணியின் பாட்டு இல்லை, ஒரு பெயர். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அடியாக, எழுத்துக்கு எழுத்து இழுத்து, வாய் நுழைந்த மாதிரி சொல்லிச் சொல்லி அந்தப் பக்கம் முழுவதும் பாடியது. என் கணவரின் பெயர். மகன் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கராஜ் கதவடியில் கணவர் நின்றார். எப்போது வந்தாரோ தெரியாது. முன்பின் தெரியாத ஊரில் தன் பெயரைப் பாடுகிறார்கள் என்று அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதுவும் தோற்றதற்கு. கண் கலங்கிப் போயிருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

நண்பர் நல்ல மனதோடுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். "அப்ப இனித் தம்பி வந்து படிப்பை முடிக்கலாம் தானே?"

நான் வாயெடுத்தேன். ஆனால் இந்தத் தடவையும் கணவர் முந்திக்கொண்டார்.

"அவன் ஏன் வரவேணும்? என்ர மகன் கோல்கீப்பர். அவனுக்கு அங்கதான் வேலை."

சொல்லிவிட்டு வந்து எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து, எனக்கும் இடியப்பம் போடு என்றார்.

மகன் இப்போது வேறொரு ஊரின் அணியில் இருக்கிறான். அதுவும் மூன்றாம் பிரிவுதான். மறுபடியும் பெஞ்சில்தான். கணவர் அதைக் கேட்காதவர்களிடம் கூடச் சொல்கிறார். வென்ற பிள்ளையின் பெயரைச் சொல்ல ஊரே வரும், கடைசியில் நிற்கிற பிள்ளையின் பெயரைச் சொல்ல வீட்டில்தான் ஆள் இருக்கவேண்டும் என்பதை, மேளம் வைத்திருந்த அந்த ஜப்பான்காரர்கள் அன்று எங்கள் ஹோலுக்குள் வந்து சொல்லிவிட்டுப் போனதாகவே நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.